பரிதியும் பஞ்சமும்

மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்த வரலாற்றைச் சுருங்கக் கூறும் நூல்கள் பலவும் மூன்று சிறு வாக்கியங்களில் அதனை முடித்துவிடுகின்றன: தென்னிந்தியாவில் மழை பொய்த்தது; பஞ்சம் வந்தது; மக்கள் கடல் கடந்தனர். மடுல்கெல்லைப் பகுதியில் ஆசிரியத் தொழில் புரியும் யானும் பல ஆண்டுகளாக இம்மூன்று வாக்கியங்களையே மாணவர்க்குக் கூறி வந்தேன். ஒருநாள் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "மழை ஏன் பொய்த்தது, சேர்?" என்று வினவினாள். "அஃது இயற்கை" என்று விடையிறுத்து மேற்சென்றேன். அவ்விடை அவளுக்கு நிறைவு தந்ததோ இல்லையோ, எனக்கு நிறைவு தரவில்லை.

அவ்வினாவைத் தொடர்ந்து சென்றபோது யான் எதிர்பாராத இடமொன்றை அடைந்தேன். அவள் கேட்ட அதே வினாவை 1877ஆம் ஆண்டிலே இந்தியாவை ஆண்ட ஆங்கிலேய அதிகாரிகள் சிலரும் எழுப்பினர். அவருட் சிலர் கண்ட விடை, மழை பொய்த்தமைக்குக் காரணம் சூரியன் என்பதாகும். அவ்விடை பிழையானது. ஆயினும் அப்பிழையான விடையிலிருந்து கிளைத்த முயற்சிகளுள் ஒன்று பழனி மலைத்தொடரிலே கோடைக்கானலில் இன்றும் நடைபெற்று வருகின்றது. சூரியனின் முகத்தை நாள்தோறும் படமெடுத்துப் பதிவு செய்யும் பணியே அது. நம் முன்னோரிற் பலரை இம்மலைகளுக்கு விரட்டிய பஞ்சமும், அம்மலைமீது சூரிய ஆய்வு நிலையம் எழக் காரணமாயிருந்த பஞ்சமும் ஒன்றே. இவ்வுறவினை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் சூரியக் களங்கம் என்றால் யாதெனக் கூறுதல் வேண்டும். ஒளிமிக்க சூரிய வட்டத்தின்மீது அவ்வப்போது கரும்புள்ளிகள் தோன்றி மறைகின்றன. அவை உண்மையிற் கருமையானவையல்ல. சுற்றிலுமுள்ள பரப்பினும் வெப்பம் குறைந்தவையாதலின் அங்ஙனம் தோன்றுகின்றன. பூமியிலிருந்து காண்போர்க்குச் சூரியன் ஏறத்தாழ 27 நாளில் ஒருமுறை தன்னைத் தானே சுற்றுகின்றது. எனவே ஒரு களங்கம் கிழக்கு விளிம்பிலே தோன்றி மேற்கு விளிம்பிலே மறைய ஏறக்குறைய இரு வாரங்கள் செல்லும். ஒருநாட் பார்த்து மறுநாட் பாராது விட்டால் களங்கத்தின் பிறப்பையும் வளர்ச்சியையும் அறிதல் இயலாது. நாள்தோறும் பார்த்தல் வேண்டும் என்பது இத்துறையின் முதல் விதி.

இவ்விதியைப் பின்பற்றியவருள் முன்னோடி, சேர்மானிய நாட்டிலே டெசோ என்ற ஊரில் மருந்துக்கடை நடாத்திய ஷ்வாபே என்பார். அவர் தொழின்முறை வானியலறிஞர் அல்லர். 1826ஆம் ஆண்டு முதல் முகில் மறைக்காத நாளெல்லாம் சிறு தொலைநோக்கியால் சூரியனை நோக்கிக் களங்கங்களை எண்ணிக் குறித்துவந்தார். 1843இல் அக்களங்கங்கள் சுமார் 10 ஆண்டுக்கு ஒருமுறை பெருகிச் சுருங்குகின்றன என அறிவித்தார். பின்னர் சூரிச் நகரத்து வூல்ப் என்பார் பழைய குறிப்புகளையும் திரட்டி அக்காலவட்டம் சராசரியாக 11 ஆண்டு எனத் திருத்தினார். 1852இல், பூமியின் காந்தப் புலத்தில் நிகழும் கலக்கங்களும் இதே வட்டத்தைத் தழுவி மிகுந்து குறைவதாகச் சபின் என்பார் எடுத்துக்காட்டினார். சூரியனிலே நிகழ்வது பூமியைத் தொடுகின்றது என்பதற்கு அளவுகோல்கொண்டு காட்டிய முதற் சான்றுகளுள் இஃதொன்று.

காந்தத்தைத் தொடுவது மழையையும் தொடாதா? இந்த ஐயம் எழுந்தமை இயல்பே. அது வலுப்பெற்றதில் நமது இலங்கைக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை நம்மவர் பலர் அறியார்.

1871ஆம் ஆண்டு டிசெம்பர் 12ஆந் திகதி ஒரு முழுச் சூரியகிரகணம் தென்னிந்தியாவையும் வட இலங்கையையும் கடந்து சென்றது. அதனைக் காண இங்கிலாந்திலிருந்து வந்த குழுவினர் மலையாளக் கரையிலே பேக்கல் கோட்டை, புதுக்கோட்டை, யாழ்ப்பாணம், திருகோணமலை முதலிய இடங்களிற் பிரிந்து நின்று நோக்கினர். அக்குழுவின் தலைவர் நோர்மன் லொக்கியர். 1868ஆம் ஆண்டு கிரகணத்துக்குப் பின்னர் சூரிய நிறமாலையிற் கண்ட ஒரு மஞ்சட் கோட்டினைக் கொண்டு ஹீலியம் என்ற மூலகத்தை உய்த்துணர்ந்தவர் இவரே. இப்பயணத்தின்போது 'சிலோன் ஒப்சேவர்' பத்திரிகையின் ஆசிரியர் பெர்குசன் அவருக்கு ஒரு செய்தி கூறினார். இலங்கையில் ஏறத்தாழ 13 ஆண்டுக்கு ஒருமுறை பருவமழை மிகுந்து குறையும் வட்டம் ஒன்று உண்டு என்பதும், அதனை இங்கு யாவரும் அறிவர் என்பதுமே அச்செய்தி. லொக்கியர் இதனை நெஞ்சிற் கொண்டு சென்று, 1872இல் தாம் நடாத்திய 'நேச்சர்' இதழில் எழுதினார். மொறீசியசுத் தீவில் மெல்ட்ரம் என்பார் சூறாவளிகளின் எண்ணிக்கைக்கும் சூரியக் களங்கங்களுக்கும் தொடர்பு கண்டிருந்தமையும் அவருக்குத் துணையாயிற்று.

இங்கே ஒன்றை நிறுத்திக் கூறவேண்டும். "யாவரும் அறிவர்" என்று பெர்குசன் கூறிய அந்த "யாவர்" எவர்? அக்காலத்து இலங்கையின் ஆங்கிலப் பத்திரிகைகளின் உயிர்நாடி கோப்பித் தோட்டமே. கோப்பிச் செடி பூக்கும் காலத்து மழையை நோக்கியே துரைமாரின் வாழ்வும் தாழ்வும் அமைந்திருந்தன. ஆதலின் கண்டி மலைகளின் கோப்பித் தோட்டங்களிற் பேசப்பட்ட மழைப்பேச்சே இலண்டன் நகரத்துக்குச் சென்று விஞ்ஞானக் கொள்கையாக உருப்பெற்றது என்பது என் கருத்து.

இனிப் பஞ்சத்துக்கு வருவோம். 1876ஆம் ஆண்டிலே சென்னை மாகாணத்தில் வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் பெய்யாது போயிற்று. அஃது அறுபது ஆண்டு வட்டத்திலே தாது வருடம். 'தாது வருடப் பஞ்சம்' என்ற பெயர் இன்றும் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் முதியோர் வாயில் நிலைத்துள்ளது. சென்னை, மைசூர், பம்பாய், ஐதராபாத் ஆகிய பகுதிகளைப் பற்றிய அப்பஞ்சம் 1878 வரை நீடித்தது. ஆங்கில ஆட்சிக்குட்பட்ட பகுதிகளில் மாத்திரம் ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்ட உயிர்கள் பலியாயின எனப் பின்னர் கணிக்கப்பட்டது. தஞ்சை, திருச்சி, மதுரை, சேலம் ஆகிய மாவட்டத்தார் கூட்டங் கூட்டமாக இலங்கைக்குப் புறப்பட்டனர். பாக்குநீரிணையைத் தோணியிற் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காடுகளூடே மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்தனர். வழியில் வாந்திபேதியால் இறந்தோர் பலர். வந்து சேர்ந்தவர்க்குக் காத்திருந்ததோ நலிந்துகொண்டிருந்த கோப்பி. 1869இல் இலங்கையிற் காணப்பட்ட இலைத்துரு நோய் தோட்டம் தோட்டமாகப் பரவிக்கொண்டிருந்த காலம் அது.

பஞ்சம் உச்சம் அடைந்திருந்த 1877ஆம் ஆண்டிலேதான் சூரியக் கொள்கை அரங்கேறியது. இந்திய அரசின் புள்ளிவிபரத் தலைமை அதிகாரியாகிய வில்லியம் வில்சன் ஹண்டர் சென்னை நகரின் மழைக்கணக்கை எடுத்தார். நுங்கம்பாக்கம் வானாய்வு நிலையத்தில் 1813ஆம் ஆண்டு தொட்டு அக்கணக்குக் கிடைத்தது. அதனைக் களங்கங்களின் 11 ஆண்டு வட்டத்தோடு ஒப்பிட்டு, களங்கம் அருகிய ஆண்டுகளிலேயே சென்னையில் மழை குன்றுகின்றது, பஞ்சமும் அவ்வாண்டுகளை ஒட்டியே வருகின்றது என முடிவு கட்டினார். அவ்வாண்டு நவம்பரில் லொக்கியரும் ஹண்டரும் இணைந்து 'சூரியக் களங்கங்களும் பஞ்சங்களும்' என்ற பொருள்பட ஒரு கட்டுரையை இலண்டன் இதழொன்றில் வெளியிட்டனர். ஜெவன்சு என்ற பொருளியலறிஞர் ஒருபடி மேற்சென்று வணிக நெருக்கடிகளுக்கும் சூரியனையே பொறுப்பாக்கினார்.

ஹண்டரின் வாதத்தைச் சிறிது சோதித்துப் பார்ப்போம். களங்கம் மிக அருகிய ஆண்டுகளுள் 1833, 1867, 1878 ஆகியன அடங்கும். குண்டூர்ப் பஞ்சம் 1832-33. ஒரிசாவையும் சென்னை மாகாணத்தின் வடபகுதியையும் வாட்டிய பஞ்சம் 1866. தாது வருடப் பஞ்சம் 1876-78. பொருத்தம் மிக்கதாகவே தோன்றும். ஆனால் வடநாட்டை நோக்கினால் கணக்குப் பிழைக்கின்றது. ஆக்ராப் பகுதியின் பெரும் பஞ்சம் 1837-38இல் நேர்ந்தது. 1837 களங்கம் மிக்கு நின்ற ஆண்டு. கங்கை யமுனைச் சமவெளியின் மேற்பகுதியில் 1860-61இல் நேர்ந்த பஞ்சமும் களங்கம் உச்சத்தில் நின்ற காலத்ததே. ஒரே சூரியன் தெற்கே களங்கம் குன்றியதாற் பஞ்சத்தையும், வடக்கே களங்கம் மிகுந்ததாற் பஞ்சத்தையும் தந்தது எனக் கொள்ள நேரும். அன்றியும், 64 ஆண்டுக் கணக்கில் 11 ஆண்டு வட்டங்கள் ஆறுக்கு மேல் அடங்கா. ஆறு சான்றுகளைக் கொண்டு ஒரு மாகாணத்தின் விதியைக் கணிப்பது, நம்மூர்ச் சோதிடர் அறுபது ஆண்டு வட்டத்துக்குப் பலன் கூறுவதிலும் பெரிதும் வேறுபட்டதன்று. தாது வருடம் 1936இலும் 1996இலும் மீண்டும் வந்துபோயிற்று என்பதையும் நினைவிற் கொள்க.

ஆயின் இக்கொள்கை அக்காலத்து ஆட்சியாளர் சிலருக்கு உவப்பாயிருந்தமைக்கு விஞ்ஞானத்துக்குப் புறம்பான காரணமும் உண்டு என எண்ண இடமுண்டு. பஞ்சம் வானத்திலிருந்து வருவதாயின், மண்ணிலே எவரும் பொறுப்பாகார். நடந்ததை நோக்குவோம். 1877ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி, வைசிராய் லிற்றன் பிரபு தில்லியிலே பேரரங்கு கூட்டி விக்டோரியாவை இந்தியப் பேரரசியாக அறிவித்தார். அம்மாதத்திலேயே பஞ்ச நிவாரணத்தை மேற்பார்க்கச் சென்னை மாகாணம் வந்த சேர் ரிச்சட் டெம்பிள், நிவாரண வேலைத்தலத்தில் நாள் முழுதும் உழைக்கும் ஆடவனுக்கு ஓர் இறாத்தல் தானியமும் ஓர் அணாவும் போதுமென விதித்தார். மாகாணத்தின் சுகாதார ஆணையாளர் டாக்டர் கோர்னிசு இவ்வுணவு உழைக்கும் உடலைத் தாங்காது என எழுத்திற் கண்டித்தார். சென்னை அரசு தானாகத் தானியம் கொள்வனவு செய்தபோது, வணிகத்திற் கைவைத்தது தவறென மேலிடம் கடிந்துகொண்டது. இந்தியக் கோதுமை இங்கிலாந்துக்குக் கப்பலேறிக்கொண்டே இருந்தது. மழை பொய்த்தது உண்மை. ஆனால் மழை பொய்த்த நாடெல்லாம் சாகவேண்டும் என்பது விதியன்று. சாவை மிகுவித்தது விலையும் கூலியும் கொள்கையுமே.

ஆகவே, "பஞ்சத்தால் வந்தனர்" என நாம் எழுதும்போது பாதி உண்மையையே எழுதுகின்றோம். லொக்கியரும் ஹண்டரும் பொய்யுரைத்தனர் என்று யான் கூறவில்லை. அவர்கள் தம் கணக்கை நம்பினர். பஞ்சத்தை முன்னறிந்து உயிர்களைக் காக்கலாம் என்றும் எண்ணினர். ஆனால் அவர் வினாவியது வானத்தை மட்டுமே.

பிழையான அவ்விடையிலிருந்து ஒரு நற்பயன் விளைந்தது. மழையைச் சூரியன் ஆள்கின்றதாயின், சூரியனை ஒருநாளும் விடாது நோக்குதல் வேண்டும் என்ற கோரிக்கை வலுப்பெற்றது. கிறீனிச்சில் 1874 முதல் நாள்தோறும் சூரியனைப் படமெடுத்து வந்தனர். எனினும் ஆங்கில நாட்டு வானம் முகில் மூடியது. அவ்விடைவெளிகளை நிரப்ப, 1878 முதல் இமயத்தின் அடிவாரத்திலே டேராடூனிலும் படமெடுக்கலாயினர். சென்னை வானாய்வு நிலையத்தின் தலைவர் பொக்சன், தென்னாட்டு மலையொன்றிற் புதிய நிலையம் வேண்டுமென 1882இலேயே விண்ணப்பித்தார். மிச்சி சிமித் என்ற பேராசிரியர் நீலகிரியையும் பழனி மலையையும் சுற்றி வானத்தின் தெளிவை ஆராய்ந்தார். பொக்சன் 1891இல் இறந்தார். 1893ஆம் ஆண்டு யூலை 20ஆந் திகதி, கெல்வின் பிரபு தலைமையிற் கூடிய குழு கோடைக்கானலைத் தெரிந்தது. 1895இல் சென்னை ஆளுநர் வென்லொக் பிரபு அடிக்கல் நாட்டினார். 1899 ஏப்ரில் முதலாந் திகதி நிலையம் முறையாகத் தொடங்கிற்று. 1901இல் நோக்குதல் ஆரம்பமாயிற்று. பஞ்சம் ஒன்றே இதற்குக் காரணம் எனல் மிகையாகும்; வானியலறிஞர்க்குத் தம் துறை சார்ந்த வேட்கையும் இருந்தது. ஆயினும் அரசாங்கத்தின் பணப்பெட்டியைத் திறந்த திறவுகோல்களுள் பஞ்சம் முதன்மையானது.

கோடைக்கானல் நிலையம் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 7,700 அடி உயரத்தில் உள்ளது. அங்கு நடைபெறும் நாட்பணி மிக எளியது போலத் தோன்றும். காலையிற் கதிரவன் எழுந்து வானம் தெளிந்தவுடன், காற்றின் கலக்கம் மிகுவதற்கு முன்னரே படமெடுத்தாக வேண்டும். 6 அங்குல வில்லை கொண்ட தொலைநோக்கியால் 20 சென்ரிமீற்றர் அகலமுள்ள சூரியப் பிம்பம் கண்ணாடித் தட்டில் வீழ்த்தப்பட்டது. 1904 முதல் இப்படங்கள் தொடர்கின்றன. அவ்வாண்டு தொட்டே கல்சியம் என்ற மூலகத்தின் ஒளியை மட்டும் பிரித்தெடுத்துப் படம்பிடிக்கும் கருவியும், 1912 முதல் ஐதரசன் ஒளியிற் படம்பிடிக்கும் முறையும் சேர்ந்தன. தட்டில் நாளும் நேரமும் பொறித்து, கழுவி, உலர்த்தி, உறையிலிட்டு வரிசைப்படுத்தினர். முகில் மூடிய நாளில் முகில் என எழுதினர். இரண்டு உலகப் போர்கள் வந்துபோயின, ஆட்சி மாறிற்று. தட்டுகள் சேர்ந்துகொண்டே இருந்தன.

இந்நிலையத்தின் பெயரை உலகறியச் செய்தவர் யோன் எவர்செட். இவர் 1907இல் அங்கு வந்தார். 1909 சனவரியில், களங்கத்தின் நடுவிலிருந்து வாயுக்கள் வெளிநோக்கிச் சூரியப் பரப்போடு ஒட்டிப் பாய்கின்றன என்பதை நிறமாலைக் கோடுகளின் இடப்பெயர்ச்சியாற் கண்டுபிடித்தார். உலகெங்கும் அஃது 'எவர்செட் விளைவு' என வழங்குகின்றது. இவர்தம் மனைவியார் மேரியும் வானியலறிஞரே. சூரிய விளிம்பில் எழும் தீச்சுடர்களைப் பற்றி இருவரும் சேர்ந்தெழுதிய ஆய்வு 1917இல் வெளிவந்தது. இயக்குநராக இருந்த இந்தியருள் முதல்வர் ஏ. எல். நாராயண்; 1937இல் அப்பதவியை ஏற்றார். 1960இல் வந்த வைணு பாப்பு அந்நிலையத்துக்குப் புத்துயிர் அளித்தார்.

ஆனால் தட்டைக் கழுவிய கைகளின் பெயர்களை வரலாறு அதிகம் பாதுகாக்கவில்லை. இவ்வகையில் சென்னை நிலையத்தின் சிந்தாமணி இரகுநாதாச்சாரி ஒரு விதிவிலக்கு எனலாம். உதவியாளராகப் பணியாற்றிய அவர் 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார்; 1868ஆம் ஆண்டுக் கிரகணத்தைக் காணச் சென்ற ஒரு குழுவுக்குத் தலைமை தாங்கினார்; 1874இல் வெள்ளிக்கோள் சூரியனைக் கடக்கும் நிகழ்ச்சியை மக்களுக்கு விளக்க, தமிழ் உள்ளிட்ட மொழிகளிற் சிறுநூல் எழுதினார். திருக்கணித முறையிற் பஞ்சாங்கமும் கணித்தார். 1880இல் மறைந்த அவரை இன்று நம் மாணவருள் எத்தனை பேர் அறிவர்? கிரகணத்தைக் காண வந்தோரின் பெயர் நூல்களில் நிற்கின்றது. நாள்தோறும் நோக்கியவர் பெயர் பதிவேட்டின் மூலையில் ஒரு சுருக்கெழுத்தாக நிற்பதே வழக்கம். 1955 யூன் 20ஆந் திகதி இலங்கையிற் கண்ட முழுக்கிரகணம் அந்நூற்றாண்டின் மிக நீண்ட கிரகணம். அதற்கென அயல்நாட்டு அறிஞர் பெருங்கருவிகளோடு வந்தனர். முகில் மறைத்ததால் பலர் ஏமாந்து திரும்பினர். ஒருநாளை நம்புவோர்க்கு நேரும் இடுக்கண் அது.

இனி, மழைக்கும் களங்கத்துக்கும் உள்ள உறவு யாதாயிற்று? 1904இல் இந்திய வானிலைத் துறைக்குத் தலைவரான கில்பட் வாக்கர் கணிதத்தில் வல்லவர். அவர் ஒப்புமைகளைக் கண்ணால் மதிப்பிடாது, எண்ணால் அளந்தார். 1915இல் களங்கத்தையும் மழையையும் பற்றி வெளியிட்ட ஆய்விலே, பருவமழையை முன்னறியக் களங்கம் உதவாது என்பது புலனாயிற்று. ஹண்டர் கட்டிய மாளிகை சரிந்தது. ஆயினும் வாக்கர் தேடுதலை நிறுத்தவில்லை. உலகெங்குமுள்ள வளியமுக்கக் கணக்குகளைத் திரட்டி, பசிபிக் சமுத்திரத்துக்கும் இந்து சமுத்திரத்துக்கும் இடையே அமுக்கம் ஊஞ்சல்போல ஏறி இறங்குவதை 1920களில் எடுத்துக்காட்டி, அதற்குத் தென்னலைவு எனப் பொருள்படும் பெயரிட்டார். இவ்வலைவும், பசிபிக் நீர்ப்பரப்பு வெம்மையுறும் 'எல் நீனோ' என்ற நிகழ்ச்சியும் ஒன்றன் இருமுகங்கள் என்பது பின்னர் தெளிவாயிற்று. 1877-78இல் நேர்ந்த எல் நீனோ மிக வலியது. அக்காலத்திலேயே வடசீனமும் வடகிழக்குப் பிரேசிலும் வறண்டு மடிந்தன. மாணவியின் வினாவுக்கு இயற்கை தரும் விடை, ஆக, சூரியனில் இல்லை, பெருங்கடலில் உள்ளது. 11 ஆண்டு வட்டத்திலே சூரியனிலிருந்து பூமிக்கு வரும் மொத்த ஆற்றலின் வேறுபாடு ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டுமே என இன்று செயற்கைக்கோள்கள் அளந்து கூறுகின்றன.

அங்ஙனமாயின் கோடைக்கானற் கண்ணாடித் தட்டுகள் வீணோ? இல்லை. அவை எதற்காக எடுக்கப்பட்டனவோ அதற்குப் பயன்படவில்லை. எடுத்தவர் கனவிலும் எண்ணாதவற்றுக்குப் பயன்படுகின்றன. சூரியனின் காந்தப் புலத்தைச் செம்மையாக அளக்கும் கருவிகள் வருமுன்னர் அதன் வரலாறு எவ்வாறிருந்தது என அறிய விரும்பும் அறிஞர், கல்சியம் ஒளியிலெடுத்த அப்பழைய படங்களையே நாடுகின்றனர். நூறாண்டுக்கு மேற்பட்ட தட்டுகள் இப்போது எண்முறைப் படங்களாக மாற்றப்பட்டு உலகினர்க்குக் கிடைக்கின்றன.

பம்பாய்க் கொலாபா நிலையத்தின் கதையும் இத்தகையதே. 1859 செப்தெம்பர் முதலாந் திகதி, கரிங்டன் என்ற ஆங்கிலேயர் களங்கங்களை வரைந்துகொண்டிருந்தபோது சூரியனில் ஒரு வெள்ளொளி மின்னி மறைந்ததைக் கண்டார். மறுநாள் உலகெங்கும் தந்திக் கம்பிகள் தாமே மின்னோட்டமுற்றுத் தடுமாறின. கொலாபாவில் அன்று காந்தமானியை வழக்கம்போல மணிக்கணக்கிற் பார்த்து எழுதியவர்கள் தம் ஏட்டிற் கண்ட வீழ்ச்சியை எழுதிவைத்தனர். அவ்வேட்டை 2003இல் ஆராய்ந்தோர், ஏறத்தாழ 1,600 நனோதெஸ்லா அளவு பூமியின் காந்தப்புலம் தாழ்ந்தது எனக் கண்டனர். வெப்ப மண்டலத்தில் அப்புயலை முழுதும் பதிந்த அரிய சான்று அதுவே. அவ்வெண்கள் எழுதப்பட்டு 144 ஆண்டுகளுக்குப் பின்னர் நிகழ்ந்த ஆய்வு அது.

இன்று இவ்வறிவு ஏட்டோடு நிற்பதில்லை. சூரியப் பிழம்பு வெடிக்கும்போது சிற்றலை வானொலி மங்கும் என்பதை 1930களிலேயே கண்டனர். இலங்கை வானொலியைச் சிற்றலையிற் கேட்டு வளர்ந்த முதியோர், பகலிற் சிலவேளை எல்லா நிலையங்களும் ஒருங்கே அடங்கிப்போனதை நினைவுகூரக்கூடும். பெட்டியைத் தட்டினோம் என்பர். பெட்டி பிழையன்று. 1989 மார்ச்சு 13ஆந் திகதி சூரியப் புயலொன்று கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஒன்பது மணிநேரம் மின்சாரத்தை நிறுத்திற்று. 2024 மே மாதம் 10ஆந் திகதி வந்த புயல் அதற்கு முந்திய இருபது ஆண்டுகளிற் காணாத வலிமையுடையது. இலடாக்கின் ஹான்லே மலையிலும் வானம் செந்நிறம் பூண்டது. இதனை நாள்தோறும் கண்காணிக்க, 2023 செப்தெம்பர் 2ஆந் திகதி சிறீகரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட ஆதித்யா எல்-1 என்னும் விண்கலம் பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீற்றர் தொலைவிலே சூரியனை நோக்கி நிற்கின்றது. அதன் முதன்மைக் கருவியை அமைத்தது, கோடைக்கானல் நிலையத்தை இன்று நடாத்தும் அதே இந்திய வானியற்பியல் நிறுவனம்.

பெருங்கருவிகளைக் கூறியபின் ஒரு சிறு கருவியையும் கூறுதல் தகும். நமது மலைநாட்டுத் தோட்டங்களில் கந்தோருக்கு அருகே மழைமானி வைத்திருத்தல் நெடுநாள் வழக்கம். காலையிற் கிளாக்கர் அதனைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவார். சில ஆண்டுகளுக்கு முன், இப்பகுதித் தோட்டமொன்றிற் பழைய பதிவேடுகள் பழங்கடதாசி விலைக்கு நிறுத்துப் போடப்பட்டன எனக் கேட்டு விரைந்தேன். யான் சென்றபோது சிறு கட்டு ஒன்றே எஞ்சியிருந்தது. அதில் மழைக்கணக்கேடு ஒன்று கிடைத்தது. நடுவே பல தாள்களைச் செல்லரித்திருந்தது. பெரு மழை பெய்த நாட்களில் எண்ணுக்கு அருகே பென்சிலால் 'வேலை இல்லை' எனக் குறித்திருந்தார் அந்தப் பெயரறியாக் கிளாக்கர். வேலை இல்லையெனில் அன்று பெயரும் இல்லை, கூலியும் இல்லை. நக்கிள்சு மலையின் மழைவரலாறும், லயத்து அடுப்பு எரியாத நாட்களின் வரலாறும் ஒரே வரியிற் கிடந்தன.

அவ்வேட்டை இப்போது வகுப்பிற் காட்டுகின்றேன். சென்ற ஆண்டு தொடக்கம் மாணவர் சிலர் பாடசாலை முற்றத்தில் மழைமானி ஒன்று வைத்துள்ளனர். பழைய இருகண் நோக்கியின் ஒரு குழலை மூடி, மற்றதன் வழியே சூரியப் பிம்பத்தை வெள்ளைத் தாளில் வீழ்த்திக் களங்கங்களை வரைகின்றனர். குழலூடே கண்ணாற் சூரியனைப் பார்த்தலாகாது என்பதே அவர்கட்கு முதற்பாடம். மடுல்கெல்லையின் வானம் கோடைக்கானல் வானமன்று. பிற்பகலில் நக்கிள்சுப் பக்கமிருந்து முகில் வந்து மூடிவிடும். குறிப்பேட்டிற் பாதி நாட்களுக்கு 'முகில்' என்றே எழுதப்பட்டுள்ளது. "ஒன்றும் காணாத நாளையும் எழுதவேண்டுமா, சேர்?" எனக் கேட்டனர். எழுதுக என்றேன்.